ஆய்லர் எண்: திருச்சியிலிருந்து ஒரு பார்வை

காவிரி மீதும் கொள்ளிடம் மீதும் இன்னும் எத்தனை பாலம் கட்டினாலும் சரி, எந்தப் பாலத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் எல்லாப் பாலங்களையும் நடந்து முடிக்க ஒரு வழி திருச்சியில் கட்டாயம் இருக்கும். பாலம் எவ்வளவு நீளம், சாலைப் பாலமா ரயில் பாலமா, யார் காலத்தில் கட்டியது என்ற விவரம் எதுவும் தேவையில்லை. தென்கரையில் திருச்சி நகரம், நடுவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும் இருக்கும் தீவு, வடகரையில் நம்பர் ஒன் டோல்கேட். நிலத்துண்டு மூன்றுதான். இந்த ஒரு தகவல் போதும்.

காரணம் எளிது. ஒரு நிலத்துண்டுக்குள் பாலம் வழியாக நுழைந்தால் வேறொரு பாலம் வழியாக வெளியேற வேண்டும். ஆகவே புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் தவிர, மற்ற நிலத்துண்டுகளைத் தொடும் பாலங்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். ஒற்றைப்படை இடம் ஒன்றுமே இல்லாவிட்டாலோ, இரண்டே இருந்தாலோ வழி உண்டு; அதற்கு மேல் போனால் கிடையாது. பாலத்துக்கு முனை இரண்டு என்பதால் ஒற்றைப்படை இடங்கள் எப்போதும் சோடியாகத்தான் வரும். மூன்றே துண்டு உள்ள ஊரில் இரண்டுக்கு மேல் எங்கிருந்து வரும்? 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. அப்படி ஒரு பாலம் போனால் நடையைத் தொடங்கும் கரையும் முடிக்கும் கரையும் மாறும். வழி இருப்பது மாறாது.

லெயோனார்ட் ஆய்லர் 1735-இல் பீட்டர்ஸ்பர்க் அகாதெமியில் படித்த கட்டுரையின் ஊர் கோனிக்ஸ்பெர்க், இன்றைய கலினின்கிராட். அங்கேயும் ஆறு, ஆற்றின் நடுவே தீவு, ஏழு பாலம். ஆனால் தீவைத் தாண்டியதும் ப்ரெகல் ஆறு இரண்டாகப் பிரிந்தது. அதனால் நிலத்துண்டு நான்கு. தீவை ஐந்து பாலங்களும் மற்ற மூன்று துண்டுகளை மும்மூன்று பாலங்களும் தொட்டன. நான்கும் ஒற்றைப்படை. வழி இல்லை என்று ஆய்லர் ஒரேயடியாகத் தீர்த்துவிட்டார். நம் ஊரிலும் கிழக்கே கல்லணை வரை போனால் கணக்கு மாறிவிடும். அங்கே காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. இரண்டுக்கும் இடையில் நான்காவது நிலத்துண்டு கிடைக்கிறது. கோனிக்ஸ்பெர்க்கின் சிக்கல் அங்கிருந்து தஞ்சை டெல்டா முழுக்கச் சாத்தியம்.

நீளம், கோணம், பரப்பளவு மூன்றையும் தூக்கிப் போட்ட பிறகும் வடிவியலில் ஏதோ மிஞ்சுகிறது என்பதை இந்தப் பாலக் கணக்கு காட்டியது. மிஞ்சியதைப் பிடித்து வைக்க ஒரு கைப்பிடி வேண்டியிருந்தது. அதுவும் ஆய்லரிடமிருந்தே வந்தது. 1750 நவம்பரில் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில், தட்டையான முகங்களால் மூடப்பட்ட திண்மத்தில் முனைகளிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் எப்போதும் 2 வருகிறது என்று சொன்னார். கனசதுரத்துக்கு 8 முனை, 12 விளிம்பு, 6 முகம். 8 − 12 + 6 = 2. இந்தக் கூட்டல் கழித்தலுக்குத்தான் இன்று ஆய்லர் எண் என்று பெயர். இடத்தியல் என்று நாம் சொல்லும் டோபாலஜியின் முதல் சொத்து இது.

இதன் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இம்ரே லாகடோஸ் ஒரு முழு நூலையே இந்தச் சூத்திரத்தின் நிரூபணங்களையும் அதற்கு வந்த மறுப்புகளையும் வைத்து எழுதினார். வழக்கமாகச் சொல்லப்படும் கதை, அளவுகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு மேலும் மேலும் அருவமான கருத்தை அடைந்தோம் என்பது. எனக்கு அது பாதிக் கதை என்று படுகிறது. முன்வாசல் வழியாக வெளியே அனுப்பிய அளவுகள் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துகொண்டே இருந்தன. அப்படித் திரும்பி வந்த கதையில்தான் தமிழ்நாட்டுக்கு இடம் இருக்கிறது.

முதல் சான்று நிரூபணத்திலேயே இருக்கிறது. ஆய்லர் கொடுத்த நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. குறையில்லாத நிரூபணத்தை 1794-இல் தந்தவர் லெஜாந்தர். அவர் செய்தது என்ன? திண்மத்தின் முகங்களை ஒரு கோளத்தின் மேல் படியவைத்து, கோள முக்கோணங்களின் பரப்பளவைக் கூட்டினார். அளவே தேவைப்படாத உண்மையை அளந்து நிரூபித்தார்! கோஷி 1810-களில் வேறு வழி பிடித்தார். ஒரு முகத்தைப் பிய்த்தெடுத்து, மீதியைத் தரையில் விரித்து, கோட்டுப்படமாக்கி எண்ணினார்.

தரையில் விரித்த கோட்டுப்படம் என்றால் நாம் எங்கே போக வேண்டும்? மார்கழியில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் வாசலுக்கு வாசல் கிடக்கிறது. சிக்குக் கோலத்தில் கோடு கோட்டை வெட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு கிளை புறப்படுகிறது. ஒவ்வொரு இழைத்துண்டுக்கும் முனை இரண்டு. ஆக, இழைத்துண்டுகள் வெட்டுப்புள்ளிகளைப் போல் சரியாக இரண்டு மடங்கு. ஆய்லர் சூத்திரத்தில் இதைப் போட்டால், வெளிப்புறத்தை விட்டுவிட்டுக் கோலத்துக்குள் இருக்கும் கட்டங்களின் எண்ணிக்கை வெட்டுப்புள்ளிகளை விட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். வரிசைக்கு இரண்டாக நாலு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிவரும்படி இழுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே நாலு வெட்டு. புள்ளி உள்ள கட்டம் நாலு, நடுவில் ஒன்று, ஆக ஐந்து. கோலம் தனித்தனியாகப் பிரியாமல் ஒன்றோடொன்று வெட்டிக்கொண்டிருந்தால் போதும். ஒரே இழையா, பல இழையா என்பது பொருட்டல்ல, எவ்வளவு பெரிய கோலத்துக்கும் இதே விதி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் 1970-களில் கோலங்களைக் கணிதமாக ஆராய்ந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டது, எந்த இலக்கண விதிகளால் ஒரு கோலத்தை உருவாக்கலாம் என்ற வேறு கேள்வி.

சூத்திரம் எல்லாத் திண்மத்துக்கும் பொருந்துமா? பொருந்தாது. ஜெனிவாக்காரரான லுய்லியே 1813-இல் விதிவிலக்குகளை வரிசையாக எடுத்துவைத்தார். கனிமவியலாளர் ஹெசல் 1832-இல் அவற்றைத் தானும் கண்டார். ஒரு கனசதுரத்துக்குள் இன்னொரு கனசதுர வெற்றிடம் இருந்தால் 16 − 24 + 12, விடை 4. துளை உள்ள பொருளில் இன்னும் வேடிக்கை. வாசல் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே படிச்சட்டமும் சேர்ந்த, நாலு பக்கமும் மூடிய நிலை. வெளிச் சதுரத்தில் 8 முனை, உள் சதுரத்தில் 8, ஆக 16. விளிம்பு 24. முகம்: வெளிப்பக்கம் நாலு, உள்பக்கம் நாலு, முன் ஒன்று, பின் ஒன்று, ஆக 10. 16 − 24 + 10 = 2. சரியாக வந்துவிட்டதே என்று நிம்மதிப்பட முடியாது. முன் முகமும் பின் முகமும் நடுவில் ஓட்டை உள்ள வளையங்கள். அவற்றை முழு முகமாக எண்ணியதுதான் கோளாறு. தச்சர் மூலைகளில் சாய்வாக இழைத்துச் சேர்த்திருந்தால் அந்த இணைப்புக் கோடுகளே வளையத்தைத் துண்டாக்கிவிடும். முன்னே நாலு கோடு, பின்னே நாலு கோடு. விளிம்பு 32 ஆகும், முன்பின் முகங்கள் எட்டாகப் பிரிந்து முகம் 16 ஆகும். 16 − 32 + 16 = 0. இதுதான் உண்மையான விடை. ஒரு துளை கூடும்போது எண்ணில் இரண்டு குறைகிறது என்பது லுய்லியேயின் கண்டுபிடிப்பு. துளை g என்றால் எண் 2 − 2g.

பள்ளிப் பாடங்களில் இந்தச் சூத்திரம் வருகிறது. கனசதுரம், பட்டகம், கூம்பகம் என்று அட்டவணை போட்டு, கடைசிக் கட்டத்தில் 2 வருகிறதா என்று சரிபார்த்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். எங்கே 2 வராது என்ற கேள்வியை எந்தக் குழந்தையிடமும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியில்தான் ஒரு முழுத் துறை தொடங்கியது என்பதால் இது எனக்குப் பெரிய குறையாகவே தெரிகிறது.

ரீமான் 1850-களில் எண்ணுவதையே விட்டுவிட்டு வெட்டத் தொடங்கினார். ஒரு பரப்பைத் துண்டாகாமல் எத்தனை முறை வெட்டலாம் என்று கேட்டார். திண்மமும் முகமும் மறைந்து, வளைந்த பரப்பு மட்டும் நின்றது. மோபியஸ் 1863-இல் மூடிய பரப்புகளைத் துளை எண்ணிக்கையால் வகைப்படுத்தினார். ஆய்லர் எண் பொருளின் மூலைகளைப் பற்றியது என்ற எண்ணம் இத்தோடு போயிற்று. எப்படித் துண்டு போட்டு எண்ணினாலும் அது அந்தப் பரப்புக்கே உரியது.

ஆனால் அந்த எண் மட்டும் போதாது. ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு பிராகாரம். வெளியே இருப்பவை ஊரே குடியிருக்கும் வீதிகள்: உத்திர வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதையும் சுற்றி அடையவளைந்தான். சித்திரைத் தேர் சுற்றும் சித்திரை வீதியை எண்ணிப் பார்ப்போம். வெளிமூலை நாலு, உள்மூலை நாலு, முனை 8. வெளி ஓரம் நாலு, உள் ஓரம் நாலு, மூலைக்கு ஒரு குறுக்குக்கோடு என நாலு, விளிம்பு 12. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்குச் சித்திரை வீதிகள் நாலும் முகம். 8 − 12 + 4 = 0. மேல்மூடியும் அடிப்பலகையும் கழற்றிய கனசதுரம்தான் இது. வாசல் நிலைக்கும் பூஜ்யம், சித்திரை வீதிக்கும் பூஜ்யம். இரண்டும் ஒன்றா? வீதியில் ஒரு புள்ளியாகச் சுருக்க முடியாத சுற்று ஒரே வகை, தேரோடும் சுற்று. நிலையின் மேற்பரப்பில் இரண்டு வகை: வாசலைச் சுற்றி ஒன்று, மரக்கட்டையைச் சுற்றி ஒன்று. ஒரே எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பல எண்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அதை பெட்டி (Betti) என்ற கணிதவியலாளர் 1871-இல் தொடங்க, பொன்காரே 1895-இல் நிலைநாட்டினார். வீதிக்கு 1, 1, 0. நிலையின் மேற்பரப்புக்கு 1, 2, 1. முதல் எண் எத்தனை துண்டு என்பது, இரண்டாவது எத்தனை வகைச் சுற்று என்பது, மூன்றாவது பரப்பு தன்னைத் தானே மூடிக்கொண்டிருக்கிறதா என்பது. மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் ஆய்லர் எண் வரும். எத்தனை பரிமாணத்துக்கும் வரும். பொன்காரேயின் முதல் கட்டுரையிலும் பிழைகள் இருந்தன. 1898-இல் ஹீகார்ட் சுட்டிக்காட்ட, திருத்தியும் விரித்தும் 1904 வரை துணைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார். 1920-களில் எம்மி நோதர், இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவை குலங்கள் (groups) என்று எடுத்துக்காட்டினார். அருவமாக்கும் வேலை அங்கே ஒரு முடிவுக்கு வந்தது என்று சொல்லலாம்.

இனி அளவுகள் திரும்பி வந்த கதை. அதன் வேர் ஆய்லருக்கும் முந்தியது. ஓர் அட்டைப்பெட்டியின் மூலையை எடுத்துக்கொண்டு, ஓர் ஓரத்தை மட்டும் வெட்டித் தரையில் விரித்தால் மூன்று செங்கோணம் கிடக்கும், நாலாவது இருக்காது. ஒவ்வொரு மூலையிலும் 90 பாகை குறைகிறது. எட்டு மூலைக்கும் சேர்த்து 720. பெட்டியை எப்படிக் கோணலாகச் செய்தாலும், முனைகளைக் கூட்டினாலும் குறைத்தாலும், துளை இல்லாதவரை மொத்தக் குறைவு 720 பாகைதான். இதை 1630 வாக்கிலேயே தெகார்த் எழுதிவைத்திருந்தார். மூலப்படி தொலைந்துவிட்டது, லைப்னிட்ஸ் 1676-இல் எடுத்த நகல் மட்டும் தப்பி, 1860 வாக்கில் வெளியே வந்தது. 720 என்பது 360 × 2. அந்த 2, ஆய்லரின் 2.

மூலைகளில் குவிந்திருக்கும் குறைவை வளைந்த பரப்பு முழுக்கப் பரப்பிவிட்டால் அதுவே வளைவு. காஸ் 1827-இலும் போனே 1848-இலும் இதைக் கணக்கிட்டார்கள். மூடிய பரப்பில் ஒவ்வொரு புள்ளியின் வளைவையும் தொகையிட்டால் 2π பெருக்கல் ஆய்லர் எண் வரும் என்பதை டைக் 1888-இல் தெளிவாக எழுதினார். பரப்பை நசுக்கினாலும் இழுத்தாலும் ஒவ்வோரிடத்திலும் வளைவு மாறும். மொத்தம் ஓர் அணுவும் மாறாது. உயர்ந்த பரிமாணங்களுக்கு இதை 1943-இல் ஆலன்டோர்ஃபரும் ஆந்த்ரே வெய்லும் கொண்டுபோனார்கள். மறு ஆண்டே சீனரான செர்ன் ஆறு பக்கத்தில், வெளியே இருந்து எதையும் கடன் வாங்காமல், மிக அழகாக நிரூபித்தார். வெய்ல் 1930 முதல் 1932 வரை அலிகர் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். செர்ன் 1936-இல் பாரிஸுக்குப் போய் எலீ கார்த்தானிடம் பாடம் கேட்டவர்.

அதே கார்த்தானிடம் 1934-இல் முனைவர் பட்டம் பெற்ற இன்னொருவர் 1937-இல் திருச்சிக்கு வந்தார். இயேசு சபைத் துறவி சார்ல் ரசீன். நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரியில் அவர் முதலில் கற்பித்தார். பிறகு சென்னை லயோலாவுக்குப் போய் ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார். திருச்சியை இதில் பெரிதுபடுத்திச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் வந்திறங்கி வகுப்பெடுத்த முதல் ஊர், அவ்வளவுதான். ஆனால் அவர் கொண்டுவந்த சரக்கு முக்கியமானது. அன்றைய சென்னை மாகாணத்துக் கணிதம் கேம்பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தது. பகுப்பாய்வும் எண்கணிதமும் அதன் பலம். பாரிஸின் புதிய வடிவியலும் இடத்தியலும் இங்கே அநேகமாக நுழையவில்லை. அவற்றை நேரில் கண்டவராக ஃபாதர் ரசீன் இருந்தார். பாடத்திட்டத்துக்கு வெளியே படிக்கச் சொல்லி மாணவர்களைத் தூண்டியதும், தேறியவர்களைப் பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகச் சொன்னதும் அவர் ஆராய்ச்சிக் கட்டுரைகளை விடப் பெரிய காரியங்கள்.

லயோலாவில் படித்தவர், ரசீனோடு பழகியவர் எஸ். மீனாட்சிசுந்தரம் (1913–1968). ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அவரும் ஸ்வீடன் நாட்டு ப்ளெய்ஜெலும் 1949-இல் வெளியிட்ட கட்டுரையை வடிவியல் படிக்கும் எவரும் இன்றும் தாண்டிப் போக முடியாது. ஒரு வளைந்த வெளியில் ஓரிடத்தில் வெப்பத்தை வைத்தால் அது பரவும். தொடக்கக் கணத்தில் அது அக்கம்பக்கத்தை மட்டுமே அறியும். அந்தக் கணத்தின் கணக்கை விரித்து எழுதினால் வரும் உறுப்புகள் எல்லாம் அந்த இடத்தின் வளைவால் ஆனவை என்பது அவர்கள் கண்டது. நெடுநேரம் கழித்து வெப்பம் வெளி முழுவதையும் சுற்றிவந்துவிடும். அப்போது அது துளைகளையும் அறிந்திருக்கும்.

1967-இல் மெக்கீனும் சிங்கரும் இதை ஆய்லர் எண்ணோடு முடிச்சுப் போட்டார்கள். ஒவ்வொரு பரிமாணத்துக்கும் உரிய வெப்பக் கணக்கை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால், நேரம் எதுவானாலும் ஆய்லர் எண்ணே விடை. அப்படியானால் தொடக்கக் கணத்திலும் அதுவேதான். தொடக்கக் கணத்தில் இருப்பதோ வளைவு மட்டும். ஆனால் அங்கே வளைவின் உறுப்புகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. வேண்டாதவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், செர்ன் எழுதிய தொகை மட்டும் மிஞ்சும் என்று இருவரும் நம்பினார்கள். இரண்டு பரிமாணத்துக்கு மேல் காட்ட முடியவில்லை. 1971-இல் டாடா நிலையத்தில் இருந்த விஜய் குமார் பட்டோடி, இருபத்தைந்து இருபத்தாறு வயதில், எல்லாப் பரிமாணத்திலும் அந்தக் கழிவு நடப்பதைக் கணக்குப் போட்டே காட்டினார். அட்டியாவும் பாட்டும் அவரோடு சேர்ந்து 1973-இல் இதே வழியைப் பல மடங்கு பொதுவான குறியீட்டெண் தேற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். பட்டோடி 1976 டிசம்பரில், 31 வயதில் இறந்தார். ஃபாதர் ரசீன் மறைந்ததும் அதே ஆண்டில்தான். ஆய்லர் துரத்திவிட்ட அளவுகளைக் கடைசிச் சல்லி வரை கணக்கில் சேர்த்தவர் என்று பட்டோடியை நான் சொல்வேன். நம் பத்திரிகைகளில் அவர் பெயர் அதிகம் அடிபடாதது வியப்பாக இருக்கிறது.

லயோலாவில் ரசீனிடம் படித்து 1953-இல் டாடா நிலையத்துக்குப் போன எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் இந்தக் கதைக்கு இன்னொரு கிளை சேர்த்தார்கள். 1965-இல் அவர்கள் நிறுவிய தேற்றம், துளை இரண்டோ அதற்கு மேலோ உள்ள ரீமான் பரப்புகளின் மேல் அமையும் படி (degree) பூஜ்யமான நிலையான வெக்டர் பண்டில்களை (புள்ளிக்கு ஒரு வெக்டர் வெளியாகக் கோத்த தொகுதிகளை), பரப்பின் சுற்றுகள் தரும் குலத்தின் பகுக்க முடியாத யூனிட்டரி உருவகிப்புகளோடு ஒன்றுக்கொன்று பொருத்தியது. தரம் (rank) n கொண்ட அந்தப் பண்டில்களின் முழுத் தொகுப்பும் தானே ஒரு வெளி. அதன் பரிமாணம் n²(g − 1) + 1. அடைப்புக்குள் இருக்கும் g − 1 என்ன? ஆய்லர் எண்ணில் பாதி, குறி மாற்றி.

இத்தனைக்குப் பிறகும் எளிதாகக் கேட்டு எளிதாகத் தப்பிவிடும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 1930-களிலிருந்து ஹாப்ஃப் பெயரில் வழங்கிவருவது அது: இரட்டைப்படைப் பரிமாணமுள்ள மூடிய வெளியில் எந்தத் திசையில் வெட்டிப் பார்த்தாலும் வளைவு நேர்மறையாக இருந்தால், ஆய்லர் எண்ணும் நேர்மறைதானா? இரண்டு பரிமாணத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும். மொத்தம் நேர்மறையானால் எண்ணும் நேர்மறை. நான்கு பரிமாணத்துக்கு மில்னர் கண்ட நிரூபணத்தை செர்ன் 1955-இல் வெளியிட்டார். தொகையின் உள்ளே இருக்கும் கோவையே புள்ளிக்குப் புள்ளி நேர்மறை என்று அது காட்டியது. ஆறில் அந்த உத்தி எடுபடாது என்று கெரோக் 1976-இல் காட்டிவிட்டார். வளைவு எல்லாத் திசையிலும் நேர்மறையாக இருந்தும் ஒரு புள்ளியில் கோவை எதிர்மறையாகப் போகலாம். அதனால் ஹாப்ஃப் சொன்னது தவறென்று ஆகிவிடாது. ஓரிடத்தில் எதிர்மறை ஆனதை வேறிடங்கள் ஈடுகட்டியாக வேண்டும் என்று யாராவது நிறுவ வேண்டும். ஆறிலிருந்து மேலே பொதுவாக அதை இன்றுவரை யாரும் செய்யவில்லை.